நங்கூர நட்பு

"ஐயா, வீடே நகர்ந்துகொண்டிருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் யார்?"

உலகப் படத்தைச் சுவரில் மாட்டிப் பசிபிக் பெருங்கடலின் பரப்பைக் கோலால் காட்டிக்கொண்டிருந்தபோது, ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து நின்று கேட்ட கேள்வி இது. சிறு பாய்மரப் படகையே வீடாகக் கொண்டு, ஆண்டுக்கணக்கில் கடலிலே வாழ்வோர் உண்டு என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை, விடை சொல்லவும் இல்லை. மணி அடித்தது, தப்பினேன்! ஆனால் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்தது. விளக்கை அணைத்த பிறகும் அது விழித்திருந்தது.

அடுத்த சுவருக்கு அப்பால் இருப்பவரே அயலார் என்றால், சுவரே இல்லாத இடத்தில் அயலார் எவர்? வேடிக்கைக் கேள்வி போலத் தோன்றும் இது வாழ்க்கைக் கேள்வி என்பதை எண்ணிப் பார்த்தால் உணரலாம்.

கடலில் வாழும் அந்த மக்களைச் சற்றே பார்ப்போம், நண்பர்களே. அவர்களுடைய படகு பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளம். அதற்குள்ளேதான் அடுக்களை, படுக்கை, நூலகம், பட்டறை எல்லாம். கணவனும் மனைவியுமாக இருவர், சிலவற்றில் குழந்தைகளும் உண்டு. கலாப்பகசுத் தீவுகளை விட்டு மார்க்குவேசசுத் தீவுகளை நோக்கிப் புறப்பட்டால், ஏறத்தாழ 3000 கடல் மைல். மூன்று நான்கு கிழமைகள் கரையே கண்ணில் படாது. மாவு பிசைந்து ரொட்டி சுடுவர். தூண்டிலில் மீன் பிடிப்பர். உராய்ந்து தேய்ந்த கயிற்றை மாற்றுவர். கிழிந்த பாயைத் தைப்பர். நன்னீரைக் கிண்ணத்தால் அளந்து செலவிடுவர். பாத்திரம் கழுவக் கடல் நீர்! உல்லாசப் பயணம் என்று கரையிலிருந்து காண்போர் கருதுவது, உள்ளே இருப்போர்க்கு ஓயாத உழைப்பு.

இறுதியில் நூக்குகிவா தீவின் தையோகே விரிகுடா தெரிகிறது. நங்கூரம் இறங்குகிறது. மறுகணமே, முன்னரே வந்து நிற்கும் படகொன்றிலிருந்து சிறு தோணி ஒன்று புறப்பட்டு வருகிறது. வருபவர் படகின் விலாவை விரலால் தட்டுகிறார். அழைக்காமல் அடுத்தவர் படகில் காலை வைப்பது அவர்களிடையே மரபன்று. கையிலே ஒரு சீப்பு வாழைப்பழம். "எப்படி இருந்தது காற்று?" என்பதே முதற் கேள்வி. "என்ன வேலை? என்ன வருவாய்? எந்தக் குடும்பம்?" என்ற கேள்விகள் நெடுநேரம் கழித்து வரும், வராமலே போனாலும் போகும். குடும்பப் பெயரைவிடப் படகின் பெயரே அங்கே முகவரி. நேற்று நீதிபதியாக இருந்தவரும் நேற்றுத் தச்சராக இருந்தவரும் அடைத்துக்கொண்ட எண்ணெய்க் குழாயின் முன்னே ஒரே நிலையினர். குழாயைத் திறக்கத் தெரிந்தவரே அன்றைக்குப் பெரியவர்!

இந்தத் தோழமைக்கு மேலும் ஒரு சான்று பனாமா கால்வாயில் கிடைக்கிறது. 1914-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அக்கால்வாயில், கப்பல்களைக் கதவடைத்த நீர்த்தொட்டிகளுக்குள் நிறுத்தி, நீரை ஏற்றி, கடல் மட்டத்துக்கு மேல் 26 மீட்டர் உயரத்தில் உள்ள காத்தூன் ஏரிக்கு மூன்று படிகளில் தூக்குவர். மறுபுறம் அவ்வாறே இறக்குவர். சிறு படகும் அவ்வழியே செல்லலாம். ஆனால் ஒரு விதி: படகைச் செலுத்துபவர் தவிர, கயிறு பிடிக்க நால்வர் வேண்டும். தொட்டிக்குள் நீர் பொங்கும்போது நான்கு மூலைக் கயிறுகளையும் நால்வர் அளவாக இழுக்கவேண்டும். இறங்கும்போது அளவாகத் தளர்த்தவேண்டும். ஒருவர் கவனம் பிசகினால் படகு சுவரில் மோதும்.

இருவர் வாழும் படகுக்கு நால்வரை எங்கே தேடுவது? கூலிக்கு ஆள் உண்டு. ஆயினும் பலர் செய்வது வேறு. வரிசையில் காத்திருக்கும் அடுத்த படகுக்காரர் வருகிறார், கயிறு பிடிக்கிறார், அந்தப் படகிலேயே உண்டு, உறங்கி, மறு கடலைக் கண்டதும் பேருந்தில் ஏறித் தம் படகுக்குத் திரும்புகிறார். சில நாள் கழித்து அவர் படகு போகும்போது கயிறு பிடிக்க வேறொருவர் வருகிறார். தமக்கு உதவியவருக்கே திருப்பி உதவும் வாய்ப்பு அமையாமலே போகலாம். அவர் அதற்குள் பசிபிக்கில் இருப்பார். எனவே பின்னால் வருபவருக்கு உதவி, கணக்கை முடிக்கிறார்கள். கடன் கொடுத்தவர் ஒருவர், திரும்பப் பெறுபவர் இன்னொருவர்! இந்த வட்டிக்கணக்கை எந்த வட்டிக்கடையும் அறியாது.

நடுக்கடலிலும் அவர்கள் தனித்தவரல்லர். நாள்தோறும் குறித்த வேளையில் வானொலியில் கூடுவர். ஒருவர் தலைமை ஏற்பார். அவர் முதலில் கேட்பது, "துன்பத்தில் இருப்பவர் எவரேனும் உண்டா? மருத்துவ உதவி வேண்டுவோர் உண்டா?" என்பதே. சில நொடிகள் அமைதி. எவரும் இல்லை என்று தெளிந்த பிறகே, படகு படகாகத் தம் இருப்பிடம், காற்று, அலை ஆகியவற்றைச் சொல்வர். நம் கூட்டங்களை எண்ணிப் பார்த்தேன். வரவேற்புரை, வாழ்த்துரை, மாலை மரியாதை எல்லாம் முடிந்து, "யாருக்காவது குறை உண்டா?" என்று கேட்கும் வேளையில் குறையுடையவன் கடைசிப் பேருந்துக்குப் போயிருப்பான். இங்கே துன்பப்படுபவனுக்கே முதல் இருக்கை!

இவை அனைத்தினும் மேலானது இரவுக் காவல். எல்லாக் கலங்களும் எந்நேரமும் தக்க கண்காணிப்பு வைத்திருக்கவேண்டும் என்பது 1972-ஆம் ஆண்டுப் பன்னாட்டுக் கடல் விதிகளில் ஒன்று. ஆகவே ஒருவர் மூன்று மணி நேரம் விழித்திருக்க, மற்றவர் உறங்குவார். பின்னர் முறை மாறும். காலையில் அவர்களிடையே பூசல் இருந்திருக்கலாம். உணவில் உப்பு மிகுந்ததற்காகவோ, பாயைச் சுருக்கத் தாமதித்ததற்காகவோ கடுஞ்சொல் பறந்திருக்கலாம். ஆனால் இரவு வந்ததும், ஒருவர் தம் உயிரை மற்றவர் கண்களில் ஒப்படைத்துவிட்டுக் கண் மூடுகிறார். நம்பிக்கை என்ற சொல்லுக்கு இதைவிடச் சிறந்த பொருளை எந்த அகராதி தரும்?

"ஆகா, இதுவன்றோ பொன்னுலகம்! கடலுக்குப் போனால் மனிதன் நல்லவனாகிவிடுகிறான்!" என்று சொல்லத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் பகுத்தறிவு தோளைத் தட்டி, "பொறு" என்றது.

நங்கூரத் துறையில் அமைதி நிலவுவதற்கு ஓர் எளிய காரணமும் உண்டு. அடுத்த படகுக்காரர் இரவெல்லாம் இரைச்சலிட்டால், காலையில் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த விரிகுடாவுக்குப் போய்விடலாம்! பத்து நாள் நட்பில் பழுது தெரிவதற்கு முன்னரே பிரிவு வந்துவிடுகிறது. படகு வாங்கப் பணமும், துறைதோறும் இறங்க இடந்தரும் கடவுச்சீட்டும் உடையவர்களே பெரும்பாலும் அந்தச் சமத்துவத்தின் குடிமக்கள். வெறுத்தால் விலகலாம் என்ற உரிமையோடு காட்டும் அன்பு எளிது. விலக முடியாத இடத்தில் காட்டும் அன்பே அரிது.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்லியாகவேண்டும். என் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். ஒரு முழச் சாக்கடை எவர் பக்கம் ஓடுவது என்பதில் எழுந்த வழக்கால், இரண்டு ஆண்டுகளாக இரு வீட்டாரும் பேசுவதில்லை. அந்த வீட்டு முதியவர் பத்து நாள் காய்ச்சலில் கிடந்ததை, அவர் தேறித் திண்ணையில் வந்து அமர்ந்த பிறகே அறிந்தேன். 3000 மைலுக்கு அப்பால் ஒரு படகில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால், அன்றைய வானொலிக் கூட்டமே அறியும். ஒன்பது அங்குலச் சுவருக்கு அப்பால் இருந்த காய்ச்சலைப் பட்டம் பெற்ற ஆசிரியனான நான் அறியவில்லை! தொலைவு கடலில் இல்லை. என் வீட்டில்தான் இருந்தது.

ஏன் இவ்வாறு? கடலில் இருப்பவர் தம் தேவையை மறைப்பதில்லை, மறைத்தால் மூழ்குவர். கரையில் இருக்கும் நாமோ, எவர் உதவியும் வேண்டாதவர்போல நடிக்கிறோம். உண்மையில் நாமும் பிறர் பிடிக்கும் கயிற்றில் நிற்பவரே. நாம் உறங்கும்போது மருத்துவமனையில் ஒரு செவிலி விழித்திருக்கிறார்; இருப்புப்பாதையில் ஒரு தொழிலாளி விளக்கோடு நடக்கிறார். காவல் முறை கரையிலும் உண்டு. காவல் இருப்பவர் முகம் தெரியாததால், காவலே இல்லை என்று எண்ணிவிடுகிறோம்.

தேவையை மறைப்பவன் கடலிலும் தனியனே. 1968-ஆம் ஆண்டில், எத்துறையிலும் நிற்காமல் தன்னந்தனியாக உலகைச் சுற்றிவரும் படகுப் போட்டி ஒன்று இங்கிலாந்தில் தொடங்கியது. அதில் ஒருவர் டொனால்டு குரோகர்சுட்டு. படகு பழுதுபட்டது, முன்னே செல்ல இயலவில்லை, திரும்பினால் கடனும் இகழ்ச்சியும். எனவே அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாகப் பொய்யான இருப்பிடத்தை அறிவித்தார். பின்னர்ப் பல வாரங்கள் வானொலியையே மௌனமாக்கினார். எங்கே இருக்கிறோம் என்பதை மறைத்தவர் எவரிடம் உதவி கேட்பார்? 1969-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அவருடைய படகு ஆளின்றி மிதந்தது. உள்ளே அவர் எழுதிய குறிப்பேடுகள் மட்டும் இருந்தன. அலை அவரை வீழ்த்தியதாகத் தெரியவில்லை. உண்மையைச் சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லாத தனிமையே வீழ்த்தியிருக்கும் என்று குறிப்பேடுகளைப் படித்தோர் கருதினர்.

அப்போட்டியை முடித்தவர் ஒரே ஒருவர், இராபின் நாக்சு சான்சுடன். விரைந்து சுற்றியவருக்கான 5000 பவுன் பரிசும் அவருக்கே வந்தது. அதை அவர் குரோகர்சுட்டின் குடும்பத்துக்குக் கொடுத்தார். ஏமாற்ற எண்ணியவரின் மனைவி மக்களுக்கு, ஏமாற்றாமல் வென்றவர் கொடுத்த கொடை! திருப்பித் தருவார் என்ற எதிர்பார்ப்பு அதில் இல்லை. அடுத்த துறையில் சந்திப்போம் என்ற நினைப்பும் இல்லை. நங்கூர நட்பு அங்கே அறமாக உயர்ந்தது.

அந்த அறத்துக்கான தேர்வு இன்னும் முடியவில்லை. அட்லாண்டிக்கைக் கடக்க விரும்பும் படகுகள் ஆண்டுதோறும் கார்த்திகைத் திங்களை ஒட்டிக் கேனரித் தீவுகளில் கூடுகின்றன. அதே தீவுகளுக்கு, மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மரப் படகுகளில் நெருக்கியடித்து ஏழை மக்கள் வருகிறார்கள். வரும் வழியில் மடிந்தவர் பல்லாயிரவர். கடல் ஒன்று, காற்று ஒன்று. ஒரு படகில் இருப்பவர் கடலை விரும்பி வந்தவர்; மற்றொன்றில் இருப்பவர் கரையில் வாழ முடியாமல் வந்தவர். கடலில் இடருற்றவர் எவராயினும் காப்பாற்றவேண்டும் என்று 1982-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் கடற் சட்டம் கூறுகிறது. நிறத்தை விசாரித்துக் காப்பாற்று என்றோ, சீட்டைப் பார்த்துக் கயிறு வீசு என்றோ அது கூறவில்லை. வாழைப்பழம் கொண்டுவந்த தோணி, பழம் கொடுக்க வகையற்றவன் படகை நோக்கியும் போகுமானால், அப்போதுதான் அந்தத் தோழமை முழுமை பெறும்.

எனவே, கடலிலிருந்து நாம் பெறவேண்டியவை எவை, விடவேண்டியது எது? முன் கதை கேளாமல் மனிதனை ஏற்கும் பண்பைப் பெறுவோம். துன்பத்துக்கு முதலிடம் தரும் ஒழுங்கைப் பெறுவோம். உதவியைப் பின்வருபவருக்குக் கைமாற்றும் கணக்கைப் பெறுவோம். கசந்தால் நங்கூரத்தைத் தூக்கிவிடும் வசதியை மட்டும் அங்கேயே விட்டுவிடுவோம். நமக்கு வாய்த்தது கரை. இங்கே அயலாரை மாற்ற முடியாது. அயலாரோடு நம் உறவைத்தான் மாற்ற முடியும்.

இதை எழுதுவதற்கு முதல் நாள் மாலை, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. முதியவர் திறந்தார், சற்று நேரம் என்னையே பார்த்தார். பிறகு, "உள்ளே வாங்க, தம்பி" என்றார். சாக்கடையைப் பற்றி இருவரும் பேசவில்லை. பேசவேண்டிய நாள் வரும், பேசுவோம்.

நாளை வகுப்பில் அந்த மாணவனை எழுப்பி நிறுத்துவேன். "தம்பி, வீடு நகர்ந்தாலும் நின்றாலும், யாருடைய கயிற்றை நீ பிடிக்கிறாயோ அவரே உன் பக்கத்து வீட்டுக்காரர்" என்று சொல்வேன். வகுப்பு இம்முறையும் சிரிக்கலாம். சிரிக்கட்டும்! சிரித்தவர்களுள் ஒருவன் வீடு திரும்பும் வழியில் ஒரு கதவைத் தட்டினால், அன்றைய பாடம் வெற்றி பெற்றதாகக் கொள்வேன்.