இடது கையின் வேலை

கஞ்சிரா வாசிப்பவரைப் பார்க்கும்போது கண் தானாக வலது கைக்குப் போய்விடுகிறது. அடி விழுவது அங்கே, வேகம் அங்கே, கைதட்டலும் அந்தக் கைக்குத்தான். கொஞ்ச காலமாக நான் இடது கையை மட்டும் கவனித்து வருகிறேன். அது வாத்தியத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. பிடித்தபடியே விரல் நுனியால் தோலின் ஓரத்தை அழுத்துகிறது, பிறகு விடுகிறது. அழுத்தினால் ஒலி ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. தாங்குவதும் இசைப்பதும் ஒரே கைக்கு ஒரே நேரத்தில் வாய்த்த வேலை.

*

கஞ்சிரா எங்கள் வாத்தியம் என்று சொல்லிக்கொள்ளப் புதுக்கோட்டைக்காரர்கள் தயங்குவதில்லை. பஜனைகளில் தட்டிக்கொண்டிருந்த ஒற்றைத் தோல் கருவியைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் மான்பூண்டியா பிள்ளை. அரண்மனையில் விளக்குப் பிடிக்கும் வேலையில் இருந்தவர் என்பார்கள். அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875–1936) மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் பேர் பெற்றார். பழனி முத்தையா பிள்ளையும் அவர் மகன் சுப்பிரமணிய பிள்ளையும் இதே வழியில் வந்தவர்கள். சுப்பிரமணிய பிள்ளைக்கு இடது கைப் பழக்கம். ஆகவே இந்தக் குறிப்புகளில் ‘இடது கை’ என்று வரும் இடமெல்லாம் ‘பிடிக்கும் கை’ என்றே கொள்ள வேண்டும்.

*

ஒரு சாண் அகலத்துக்குப் பலாமர வளையம். ஒரு பக்கம் தோல், மறுபக்கம் திறப்பு. வளையத்தில் ஒரு கீறல், அதில் இரண்டு மூன்று நாணயங்கள். மிருதங்கத்தைப் போல வாரை இழுத்தோ தட்டியோ சுருதி சேர்க்க வழியில்லை. உட்புறம் தண்ணீர் தெளித்துத் தோலைத் தளர்த்துவார்கள். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் இடது கையின் பொறுப்பு.

அந்தத் தோல் உடும்பினுடையது. பற்றினால் விடாது என்று பேர் வாங்கிய பிராணி. அதன் தோலை வாசிக்கும் கையோ இறுக்கினால் நாதமே போய்விடும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைக் காக்கிறது. ஆட்டுத் தோலும் செயற்கைத் தோலும் அந்த இடத்துக்கு வந்திருக்கின்றன. விரல்களும் புதிய தோலுக்குத் தக்கபடி அழுத்தப் பழகிக்கொண்டிருக்கின்றன.

*

கோல்ஃப் எங்கள் பக்கத்து விளையாட்டு இல்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மைதானங்கள் உண்டு. கந்தர்வகோட்டையில் யாரும் மட்டையோடு திரிவதைக் கண்டதில்லை. ஆனாலும் பிடியைப் பற்றி நிறைய யோசித்த விளையாட்டு அது. பயிற்சியாளர்கள் ஒன்று முதல் பத்து வரை ஓர் அளவு சொல்கிறார்கள். ஒன்றில் மட்டை நழுவும், பத்தில் நரம்பு புடைக்கும். நாலிலோ ஐந்திலோ பிடி, பந்து போய்ச் சேரும் வரை அதை மாற்றாதே என்பது பாடம். வலது கைக்காரருக்கு மட்டையின் மேல்நுனியில் இருப்பது, இங்கேயும், இடது கை.

இறுக்கிப் பிடிக்காதே என்பதற்குக் காரணம் உடம்பின் அமைப்பிலேயே இருக்கிறது. விரல்களை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் நாண்கள் மணிக்கட்டைக் கடந்துதான் விரலுக்குப் போகின்றன. விரலை இறுக்கினால் மணிக்கட்டும் விறைக்கும். விறைத்த மணிக்கட்டால் மட்டையின் முகத்தை நேரத்துக்குத் திருப்ப முடியாது. பந்து வலப்பக்கம் வளைந்து ஓடும், தூரமும் குறையும். கூடுதல் பலம் போட்ட அடி குறைவாகப் போவது இப்படித்தான்.

*

ஆனால் ‘மாற்றாதே’ என்பதில் ஒரு சிக்கல் உண்டு. நீளமான மட்டையின் எடை சுமார் 300 கிராம். அதன் தலை மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் சுழலும்போது கையை வெளியே இழுக்கும் விசை 20 கிலோ எடைக்கும் மேல். மேலிருந்து பந்து வரை இறங்க ஆகும் நேரம் கிட்டத்தட்டக் கால் விநாடி. 300 கிராமுக்குப் போதுமான பிடி 20 கிலோவுக்கு எப்படிப் போதும்?

போதாதுதான். இங்கிலாந்தில் லஃப்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிடியில் உணரிகளை வைத்து அளந்து 2008இல் எழுதினார்கள். ஒரு வீச்சுக்குள்ளேயே அழுத்தம் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கம் ஆளுக்கு ஆள் வேறு. ஆனால் ஒரே ஆளிடம், அடிக்கு அடி, அது கையெழுத்துப் போலத் திரும்பத் திரும்ப வருகிறது. ஆட்டக்காரரின் மனத்தில் ‘மாறவில்லை’ என்ற உணர்வு. உணரிகளின் பதிவில் மேடும் பள்ளமும். சுமை கூடிய நொடியில் விரல் கூட்டிக்கொண்டது, சுமை போனதும் விட்டுவிட்டது. அவருக்குத் தெரியவே இல்லை.

*

தெரியாமலே நடக்கும் இந்த வேலையை 1984இல் ஸ்வீடனைச் சேர்ந்த யோஹான்சன், வெஸ்ட்லிங் இருவரும் ஆராய்ந்து எழுதினார்கள். ஒரு சிறு பொருளைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தூக்கச் சொன்னார்கள். நழுவாமல் இருக்க எவ்வளவு வேண்டுமோ அதற்குச் சற்று மேலேதான் விரல்கள் அழுத்துகின்றன. பொருள் வழவழப்பானால் அழுத்தம் கூடுகிறது, சொரசொரப்பானால் குறைகிறது. லேசாக நழுவினாலும் விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் சரிசெய்துகொள்கின்றன.

விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்தால் இந்தக் கணக்கு கலைந்துவிடுகிறது. தேவைக்கு மிஞ்சி அழுத்துகிறார்கள். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. உணர்வு இருக்கும் விரலுக்குக் குறைந்த பலமே போதுகிறது. உணர்வு போன விரல்தான் பலத்தைக் கொட்டுகிறது.

பயமும் ஒருவகை மரப்பு. எதைப் பிடித்திருக்கிறோம், அது எவ்வளவு கனம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்ற செய்தி கைக்கு வந்தாலும் பயந்தவன் அதைக் கேட்பதில்லை.

*

குறைந்த பலமே போதும் என்பதற்கு மறுபேச்சு எங்கள் பக்கத்து ஜல்லிக்கட்டு வாடிவாசலிலேயே இருக்கிறது. பொங்கலுக்கு முன்பே தச்சங்குறிச்சியில் மாடு அவிழ்த்துவிடத் தொடங்கிவிடுவார்கள். அங்கே திமிலை அணைக்கும் இளைஞனிடம் போய் நாலிலோ ஐந்திலோ பிடி என்று சொல்ல முடியாது. நானூறு கிலோ உயிர் துள்ளுகிறது. முழுக் கையும் நெஞ்சும் சேர்ந்து அணைத்தால்தான் உண்டு. வாலையும் கொம்பையும் தொடக் கூடாது, திமில் மட்டும்தான். குறித்த தூரமோ துள்ளலோ முடியும் வரை விடவும் கூடாது.

அங்கேயும் பார்த்தேன். இறுகியிருப்பது கை மட்டும். கால்கள் மாட்டோடு ஓடுகின்றன, இடுப்பு அது திரும்பும் பக்கம் திரும்புகிறது. உடம்பு முழுவதும் விறைத்தவனை மாடு முதல் சுற்றிலேயே உதறிவிடுகிறது. முடிந்ததும் விட்டு விலகுகிற வேகத்திலும் தேர்ச்சி தெரிகிறது. விடத் தாமதித்தவனுக்குக் கொம்பு பக்கத்தில் இருக்கிறது.

ஆக, பலமாகப் பிடிப்பது தப்பில்லை. கனத்துக்கு ஏற்றபடி பிடி கூடட்டும், குறையட்டும். கனம் கூடாமல் பிடி மட்டும் கூடுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

*

அதைப் பார்க்க ஒரு வழி தாளப் பாடத்தில் இருக்கிறது. ஒரே சொற்கட்டை முதல் காலத்தில் வாசிப்பார்கள், பிறகு இரண்டாம் காலம், பிறகு மூன்றாம் காலம். ஒவ்வொரு தடவையும் வலது கையின் வேலை இரட்டிக்கிறது. இடது கைக்கோ கனம் அதேதான். கஞ்சிரா அரைக் கிலோகூட வராது. இரண்டாம் காலத்தில் இடது கை இறுகினால் அது வலது கையின் பதற்றம் தொற்றிக்கொண்டதுதான், வேறு காரணம் இல்லை. திரும்ப முதல் காலத்துக்கு இறங்கி, இறுக்கம் எந்த வேகத்தில் தொடங்குகிறது என்று பார்த்து, அதற்குச் சற்றுக் கீழே நின்று பழக வேண்டும். கோல்ஃபில் முழு வீச்சுக்கு முன்னால் அரை வீச்சுப் பழகச் சொல்வதும் இதற்குத்தான்.

கஞ்சிராவில் ஒரு வசதி உண்டு. விரல் இறுகினால் ஒலி தானாக ஏறிவிடும். வாசிப்பவருக்கு உடனே தெரியும், எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். கோல்ஃபில் பந்து போய் விழுந்த பிறகு தெரிகிறது. பேனா பிடிக்கும்போதும், வண்டியின் கைப்பிடியிலும், பள்ளிக்கூட வாசலில் குழந்தையின் மணிக்கட்டிலும் அப்படிச் சொல்ல எதுவும் இல்லை. அங்கெல்லாம் நடுவே ஒரு கணம் நிறுத்தி, இந்த அழுத்தம் கனத்துக்கா பயத்துக்கா என்று விரலிடம் நாமேதான் விசாரித்துக்கொள்ள வேண்டும். விசாரித்த உடனேயே அது பாதி தளர்ந்துவிடுகிறது.