பழகுநர்க்குரிய பங்கு

வேலை வாங்குவது வேறு. வேலை கற்பிப்பது வேறு. புறத்தே நின்று காண்பார்க்கு இவ்விரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பேரங்காடி ஒன்றில் பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி குனிந்து நிமிர்ந்து சாடின் டின்களை அடுக்கிக்கொண்டிருக்கிறாள் என வைத்துக்கொள்வோம். அவள் கூலிக்கு அடுக்குகிறாளா, கற்பதற்காக அடுக்குகிறாளா என்பதை அவள் கைகளைப் பார்த்து எவரும் சொல்லிவிட இயலாது. கூலிக்கு அடுக்குபவளுக்குக் கூலியைக் கொடுத்துவிட்டால் முதலாளியின் கணக்குத் தீர்ந்தது. கற்பதற்காக அடுக்குபவளோ குறைந்த உதவித்தொகையைப் பெற்றுக்கொண்டு, எஞ்சியதைக் கல்வியாகப் பெறுவோம் என்று நம்பி நிற்கிறாள். அந்த எஞ்சிய பங்கு அவளைச் சேர்ந்ததா? சேராதவிடத்து அதனை எவர் நிறுத்துப் பார்த்துக் கேட்பது? நம் பிள்ளைகள் பலர் இன்று இவ்வழியில் அடியெடுத்து வைப்பதால், இவ்வினாவை நாம் ஒதுக்கிவிட்டுச் செல்வதற்கில்லை.

நம் நாட்டில் தேசிய இரட்டைப் பயிற்சி முறை 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. எஸ்.எல்.டி.என். என்னும் மலாய்ச் சுருக்கப் பெயரால் பலரும் அதனை அறிவர். செருமானிய நாட்டு முறையை முன்மாதிரியாகக் கொண்ட இத்திட்டத்தில், பயிற்சிக் காலத்தின் நூற்றுக்கு எழுபது முதல் எண்பது பங்கு தொழிலிடத்திலும் எஞ்சியது பயிற்சி நிலையத்திலும் கழியும். தேறியவர்க்கு மலேசியத் திறன் சான்றிதழ் கிட்டும். மோட்டார் வண்டி பழுதுபார்ப்பதும் மின்கம்பி பொருத்துவதும் மட்டுமே இவ்வாறு பழகுதற்குரிய தொழில்கள் என்று நினைப்போர் நம்மிடையே உண்டு. செருமனியில் கடையில் பொருள் விற்பதற்கே ஈராண்டுப் பயிற்சியும், சில்லறை வாணிகராய்த் தேறுவதற்கு மூவாண்டுப் பயிற்சியும் உள்ளன என்றால் அன்னார் வியப்படையவும் கூடும். நமது வேலைச் சட்டத்தில் 2022ஆம் ஆண்டு செய்யப்பட்டு 2023 சனவரி முதல் நடப்புக்கு வந்த திருத்தம், பழகுநர் ஒப்பந்தம் ஆறு மாதத்திற்குக் குறையாமலும் இருபத்து நான்கு மாதத்திற்கு மிகாமலும் இருத்தல் வேண்டும் என்கிறது. கால அளவைக் காட்டிலும் என் கருத்தைக் கவர்ந்தது அச்சட்டத்திலுள்ள வேறொரு சொல். முதலாளி பழகுநரை ‘முறையாக’ப் பயிற்றுவிக்க வேண்டும் என்பதே அது. சட்டம் ஒரு சொல்லில் சொல்லிவிட்டது. அச்சொல்லுக்குள் அடங்கியிருக்கும் அறம் பெரிது.

பீடோங் வட்டாரத்துத் தோட்டமொன்றிலிருந்து எங்கள் பள்ளிக்கு வந்து படித்த மாணவி ஒருத்தி, எஸ்.பி.எம். தேர்வு எழுதியபின் சுங்கைப் பட்டாணியிலுள்ள பேரங்காடி ஒன்றில் இத்தகைய பயிற்சியில் சேர்ந்தாள். அவளுடைய பாட்டி பால் வெட்டியவர். தாய் இன்று செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறார். மகள் கடையில் சேர்ந்த செய்தியை அத்தாய் என்னிடம் சொன்னபோது அவர் குரலில் மகிழ்ச்சி இல்லை.

“பதினொரு வருசம் படிக்க வெச்சது டின் அடுக்கறதுக்கா, வாத்தியாரையா?” என்றார்.

இதனை வெறும் போலிக் கௌரவம் என்று தள்ளிவிடலாகாது. அலுவலக நாற்காலியின்மேல் நம்மவர்க்குள்ள மோகத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் அத்தாயின் அச்சத்திற்கு ஆழமான வேர் ஒன்று உண்டு. அது தோட்டத்து மண்ணில் ஊன்றியது.

பால் வெட்டும் தொழிலை நம் முன்னோர் எத்துணை நுட்பமாக அறிந்திருந்தனர் என்பதை நேரில் கண்டோர் அறிவர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பெயர் கொடுத்து, நிரை பிடித்து, மரத்தின் உள்ளுடலில் காயம் படாமல் பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவி எடுக்கும் அக்கைத்திறன் எளிதில் வாய்ப்பதன்று. மங்கில் வடியும் பாலைப் பார்த்தே மரத்தின் நலத்தைச் சொல்லும் மூதாட்டியர் இருந்தனர். அத்துணை அறிந்த அவர்கள் அறியாதது ஒன்று உண்டு. பால் கொட்டகைக்கு அப்பால் நடப்பது என்ன என்பதே அது. வாளியின் எடையை அவர்கள் கண்ணால் கண்டனர். அப்பாலில் உலர்ந்த ரப்பர் எத்துணைப் பங்கு என்பதை மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை இட்டுப் பார்த்து எழுதிக்கொண்டவர் கிராணியார். மழை பெய்தால் அந்த எண் ஏன் இறங்குகிறது, அந்த எண் தம் சம்பளத்தில் எவ்வாறு புகுகிறது, சந்தையில் ரப்பரின் விலையை எவர் முடிவு செய்கின்றனர் என்பனவற்றை அவர்களுக்குச் சொல்வார் இலர். கேட்பதும் வழக்கமில்லை. மாதக் கடைசியில் கடைக்காரர் 555 என்று அட்டையில் அச்சிட்ட சிறு புத்தகத்தைப் புரட்டிக் கடன் தொகையைச் சொல்வார். அங்கும் எண் பிறருடையது. மூன்று தலைமுறையாகக் கைத்தொழிலைக் கற்றோம், கணக்கைக் கற்கவில்லை.

தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் வீடும் வேலையும் இழந்து தவித்த காலத்தில், 1960ஆம் ஆண்டு துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார்கள். தொழிலாளர் மாதந்தோறும் பத்து ரிங்கிட் செலுத்திப் பங்குதாரர் ஆயினர். அச்சங்கம் முதன்முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் ஆகும். அது நம் வரலாற்றில் பெருமிதத்துக்குரிய செயல். எனினும் உடைமை கைக்கு வருவது வேறு, அவ்வுடைமையை இயக்கும் அறிவு கைக்கு வருவது வேறு என்பதே என் துணிபு. முன்னதைச் சங்கம் கூடிப் பெறலாம். பின்னதை ஒவ்வொருவரும் கற்றே பெற வேண்டும்.

இனிக் கடைக்கு வருவோம். பழைய மளிகைக் கடையில் எடுபிடியாய்ச் சேர்ந்த சிறுவனுக்கு எவரும் பாடம் நடத்தியதில்லை. ஆயினும் அவன் வாணிகம் கற்றான். ஏனெனில் கொள்முதல், கல்லாப்பெட்டி, கடன் புத்தகம், முதலாளியின் முகச்சுளிப்பு யாவும் இருபதடி நீளமுள்ள ஒரே கூரையின்கீழ் அவன் கண்முன்னே நிகழ்ந்தன. 1916ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மெம்பிசு நகரில் பிக்லி விக்லி என்னும் கடை, வாங்குவோரே உள்ளே சென்று பொருளை எடுத்துக்கொள்ளும் முறையைத் தொடங்கியது. 1974 சூன் 26ஆம் நாள் ஒகையோ மாநிலத்து டிராய் என்னும் ஊரில், பட்டைக்கோடு அச்சிட்ட ஒரு மெல்லும் கோந்துப் பொட்டலம் முதன்முதலாகக் காசு முகப்பில் மின்கண் முன் காட்டப்பட்டது. அதன்பின் விலையை நினைவில் வைக்கும் பொறுப்பு மனிதரை விட்டு எந்திரத்துக்குச் சென்றது. எப்பொருள் எத்தட்டில் அமர வேண்டும் என்பதை எங்கோ தலைமையகத்தில் வரைந்து அனுப்புகின்றனர். கடையில் நிற்பவர் அப்படத்தைப் பார்த்து அடுக்கினால் போதும். ஆகவே, மளிகைக் கடையில் கேளாமலே கிட்டிய கல்வி பேரங்காடியில் ஒருவர் மனமுவந்து கொடுத்தாலன்றிக் கிட்டாது. அறக்கடமை எழும் இடம் இதுவேயாகும்.

நம் மாணவிக்கு வாய்த்த மேற்பார்வையாளர் மலாய்ப் பெண்மணி ஒருவர். ‘கக்’ என்று தமக்கை முறை வைத்தே அவரை இவள் அழைப்பாள். முதல் மூன்று மாதம் அடுக்குவதுதான் வேலை. புதிதாக வந்த பாலைப் பின்னே வைத்துப் பழையதை முன்னே தள்ள வேண்டும் என்பதை முதல் நாளே கற்றாள். கண்ணுக்கு நேரான தட்டில் கடைக்காரர் விற்க விரும்பும் பொருளும், குனிந்து எடுக்கும் தட்டில் மலிவான பொருளும் இருப்பதை இரண்டாம் மாதத்தில் தானே கண்டுகொண்டாள். கெடாவில் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாதலால் அவ்விரு நாளும் ஊரெல்லாம் கடையில் இருக்கும். கால்கள் வீங்கும். நோன்பு மாதத்தில் பேரீச்சம்பழமும், சீனப் புத்தாண்டில் ஆரஞ்சும், தீபாவளிக்கு முறுக்கு மாவும் எத்துணை நாள் முன்னரே வரவழைக்கப்படுகின்றன என்பதையும் கவனித்து வைத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் காசு முகப்பில் உதவிக்கு நின்றபோது, முதிய தமிழ்ப் பெண்மணி ஒருவர் சமையல் எண்ணெய்ப் புட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். தட்டில் ஒட்டியிருந்த விலையைக் காட்டிலும் எந்திரம் காட்டிய விலை ஒரு ரிங்கிட் இருபது காசு கூடுதல். அத்தட்டை அன்று காலை அடுக்கியவள் இவளே; ஆதலால் விலை நினைவிலிருந்தது. மூதாட்டிக்கு எழுத்துத் தெரியாது. கேட்ட தொகையைக் கொடுக்கப் பணப்பையைத் திறந்துவிட்டார். பின்னே நீண்ட வரிசை காத்து நிற்கிறது. வாய் திறவாதிருந்தால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. எந்திரம் சொன்னதை வாங்குவதுதானே அவளுக்கு இட்ட வேலை?

அவள் கையை நிறுத்திவிட்டு மேற்பார்வையாளரை அழைத்தாள். அப்பெண்மணி வந்து பார்த்து, தட்டிலிருந்த குறைந்த விலைக்கே பொருளைக் கொடுக்கச் செய்தார். பிறகு செய்ததுதான் குறிப்பிடத்தக்கது. அன்று மாலை இவளை மேல்மாடி அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று, விலை மாற்றம் தலைமையகத்திலிருந்து எவ்வாறு கணினிக்கு வருகிறது, தட்டிலுள்ள சீட்டை மாற்றுவதற்குள் ஏன் இடைவெளி விழுகிறது, ஒரு பொருளின் கொள்முதல் விலை எது, வாடகையும் மின்கட்டணமும் கெட்டுப்போன சரக்கும் போக எஞ்சுவது எவ்வளவு என்றெல்லாம் ஒரு மணி நேரம் காட்டினார்.

“இன்னிக்குத்தான், ஐயா, அது எனக்குக் கடையாத் தெரிஞ்சிச்சு. அதுவரைக்கும் அது வெறும் தட்டுதான்” என்று அவள் பின்னொரு நாள் என்னிடம் சொன்னாள்.

அவளுடைய வகுப்புத் தோழன் ஒருவனுக்கு வேறோர் ஊரில், வேறொரு கடையில் இதே பெயருடைய பயிற்சி கிடைத்தது. ஆறு மாதம் தள்ளுவண்டிகளைச் சேர்த்துக் கொணர்ந்து வரிசையில் நிறுத்தினான். வெயிலிலும் மழையிலும் ஒழுங்காகவே செய்தான். ஏழாம் மாதம் நின்றுவிட்டான். உழைக்க அஞ்சி ஓடிவந்தான் என்று ஊரார் பேசினர். அவனிடம் வேலை வாங்கினரேயன்றிக் கல்வி கொடுத்தாரில்லை என்பதை எவரும் பேசக் காணோம்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். டின் அடுக்கவும் வண்டி தள்ளவும் ஒரு வாரம் போதாதா, இதற்கு ஏன் ஈராண்டு என்று கேட்கலாம். கேட்டவர் எளியவர் அல்லர். ஆடம் சுமித்து 1776ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பொருளியல் நூலில், இங்கிலாந்தில் நிலவிய ஏழாண்டுப் பழகுநர் முறையைக் கடுமையாகச் சாடினார். பெரும்பாலான தொழில்களைச் சில வாரங்களில் கற்பிக்கலாம், நெடுங்காலப் பிணைப்பு ஏழையின் ஒரே உடைமையாகிய அவன் உழைப்பைப் பறிக்கிறது என்பது அவர் வாதம். இவ்வாதத்தை நான் பாதி ஒப்புகிறேன். கைவேலை மட்டுமே கற்பிப்பதானால் ஒரு வாரத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு நாளும் பிறர் உழைப்பைக் குறைந்த விலைக்குக் கொள்வதேயாகும். அத்தள்ளுவண்டிப் பையன் திறத்தில் சுமித்து சொன்னதே உண்மை. ஆனால் அந்த மேல்மாடி அறையில் இருப்பதை ஒரு வாரத்தில் கற்பிக்க முடியாது. ஈராண்டுக் காலத்தை அறமாக்குவது அதுவே.

காந்தியடிகள் 1937ஆம் ஆண்டில் வார்தாக் கல்வித் திட்டத்தை முன்வைத்தபோது, கைத்தொழிலை எந்திரம்போல் பழக்கினால் பயனில்லை, ஒவ்வொரு செயலின் ஏன், எதற்கு என்பதையும் பிள்ளை அறிதல் வேண்டும் என்று வற்புறுத்தினார். ஆசிரியர் பயிற்சியிலும் இதன் சாயலைக் காணலாம். பயிற்சி ஆசிரியரை வகுப்பில் நிறுத்திவிட்டு விரிவுரையாளர் பின்வரிசையில் அமர்ந்திருப்பார். பாடம் முடிந்தபின் அவர் கேட்கும் ‘ஏன் அப்படிச் செய்தீர்?’ என்னும் கேள்விதான் பயிற்சி. பின்வரிசை காலியாக இருக்குமானால் அது பயிற்சியன்று. சம்பளம் குறைந்த ஆசிரியர் ஒருவர் கிடைத்தார் என்பதே பொருள்.

“கற்றுக் கொடுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்களே” என்று முதலாளிமார் சொல்வதுண்டு. போகலாம். பள்ளிக்கூடத்தை விட்டும் பிள்ளைகள் போய்விடத்தான் செய்கின்றனர்.

பட்டினப்பாலை என்னும் பழந்தமிழ்ப் பாட்டு, காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களுள் காழகத்துப் பொருளையும் குறிப்பிடுகிறது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் காழகம் என்பதற்குக் கடாரம் என்று பொருள் கொண்டார். நாம் வாழும் இம்மண்ணே அக்கடாரம் என்பர். அதே பாட்டு அந்நகரத்து வணிகரின் நடுநிலைமையையும் போற்றுகிறது. கொள்ளும்போது மிகையாகக் கொள்ளாமையும் கொடுக்கும்போது குறைவாகக் கொடாமையும் அவர்தம் இயல்பாம். இதுகாறும் நாம் அதனை வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் இடையேயுள்ள அறமாகவே படித்து வந்தோம். பழகுநரிடமிருந்து கொள்ளும் உழைப்புக்கும் அவர்க்குக் கொடுக்கும் கல்விக்கும் அதே துலாக்கோலைப் பிடித்தல் தகாதா?

கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரையிட நமக்கு 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டம் உண்டு. அரைக் கிலோ மீன் குறைந்தால் முறையிடலாம். பழகுநருக்கும் பதிவேடு உண்டு. இன்ன திறன் கற்பிக்கப்பட்டது என்று அதில் குறியிட்டுக் கையொப்பமிடுவர். பதிவேடு நிரப்புவதில் பள்ளிக்கூடத்தாரை விஞ்சியவர் எவருமிலர் ஆதலால், அக்குறிகளை எவ்வளவு நம்பலாம் என்பதை நான் அறிவேன். பெற்றோர் பிள்ளையிடம் “இன்று எத்துணை நேரம் நின்றாய்?” என்று கேட்பதோடு “இன்று எதற்குக் காரணம் சொன்னார்கள்?” என்றும் கேட்பாராயின், அது பதிவேட்டினும் நம்பத்தக்க தராசாகும். பள்ளியும் தன் பங்கைச் செய்தல் வேண்டும். ஏன் என்று கேட்கும் பழக்கத்தை ஆறாம் ஆண்டுக்குள் ஊட்டாமல் அனுப்பினால், மேல்மாடிக் கதவு திறந்திருந்தாலும் பிள்ளை படியேறாது.

அம்மாணவி இப்பொழுது இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள். சரக்கு இறக்குமிடத்தில் லோரிகளிலிருந்து வரும் பெட்டிகளைப் பட்டியலோடு ஒப்பிட்டுக் கையொப்பமிடும் பொறுப்பு அவளிடம் கொடுக்கப்பட்டுள்ளது. அண்மையில் கோயில் திருவிழாவில் அவள் தாயைக் கண்டேன். மகள்மேல் அவருக்குப் புதிய குறை ஒன்று ஏற்பட்டிருந்தது.

“ஒரு பொட்டலம் கோதும மாவுல கடைக்கு எவ்வளவு நிக்கும்னு கேட்டேன், வாத்தியாரையா. தெரியும், ஆனா சொல்ல மாட்டேங்கிறா. கடையோட கணக்காம்!”

சொல்லும்போது அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.