இருக்கையின் அறம்

தமிழில் 'இரு' என்னும் வினைச்சொல் இரு பொருள் தருவது. உயிரோடு இருத்தலைக் குறிப்பதும் அச்சொல்லே. அமர்ந்திருத்தலைக் குறிப்பதும் அச்சொல்லே. வாயிலில் வந்து நிற்பவரை 'இருங்கள்' என்று வரவேற்கும் இல்லத்தரசி, அவர் அமர வேண்டும் என்று மட்டும் சொல்வதில்லை. அவ்விடத்தில் இருப்பதற்கு அவர் உரியவர் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். இருக்கை மறுக்கப்பட்டவன் கால்வலியை மட்டும் அடைவதில்லை. தன் இருப்பே மதிக்கப்படவில்லை என்ற வலியையும் அவன் சுமந்து செல்கிறான்.

இதனை மனத்திற்கொண்டு ஒரு சிறிய வினாவை ஆராயலாம். ஈப்போவை அடுத்த ஒரு சிற்றாலயத்திற்கு நூறு மடக்கு நாற்காலிகள் செய்ய வேண்டும் என்று கொள்வோம். ஞாயிறு காலையில் அங்கே வழிபாடு. மாலையில் பிள்ளைகளுக்கு வகுப்பு. மறுநாள் ஒரு திருமண விருந்து. அதற்கடுத்த நாள் ஓர் இரங்கல் கூட்டம். ஒரே மண்டபம் நான்கு பணிகளைச் செய்கிறது. அந்நாற்காலிகளை வடிவமைக்கும் தச்சரின் கடமை யாது? மரத்தையும் ஆணியையும் விலையையும் கணக்கிட்டு முடித்துவிட்டால் அவர் கடமை முடிந்ததா? பயன்படு பொருளுக்குள் அறம் என்று ஒன்று உண்டா?

உலக வரலாற்றில் இருக்கை நெடுங்காலம் உயர்வின் அடையாளமாகவே இருந்து வந்தது. மடக்கு இருக்கையும் அதற்கு விலக்கன்று. பண்டை உரோமில் மடங்கும் கால்களையுடைய ஓர் இருக்கை உயர் அதிகாரிகளுக்கே உரியது. அதன்மீது அமர்ந்தே அவர்கள் நீதி வழங்கினர். எகிப்து மன்னன் துட்டன்காமனின் கல்லறை 1922-இல் கண்டறியப்பட்டபோது, அதனுள் ஒரு விந்தையான நாற்காலியும் கிடைத்தது. மடக்கு இருக்கையைப் போலவே கால்கள் குறுக்கிட்டு அமைந்த அது, மடங்காதது. போர்க்களத்திற்கும் பயணத்திற்கும் எளிதாய் எடுத்துச் செல்ல உருவான வடிவம், அரசன் கைக்கு வந்தபின் பயனை இழந்து பெருமையை மட்டும் வைத்துக்கொண்டது. பயன் நீங்கிய பெருமை எப்படி இருக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இத்தனை தொலைவு செல்லாமலும் இவ்வுண்மையைக் காணலாம். பேராக்கின் இரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு நடைபெற்ற காலம் இன்னும் முதியோர் நினைவில் உள்ளது. பால்மரம் வெட்டுவோர் வரிசையில் நிற்பர், பெயர் அழைக்கப்படும். கிராணிக்கு மேசையும் நாற்காலியும் உண்டு. துரையின் பங்களா முகப்பில் சாய்வு நாற்காலி உண்டு. தொழிலாளி கூலி வாங்கும்போதும் நின்றான். குறை சொல்லும்போதும் நின்றான். தோட்டத்தின் மேல் கீழ் என்னும் படிநிலையை அறிய ஏடுகளைப் புரட்ட வேண்டியதில்லை. யார் அமர்ந்திருந்தார், யார் நின்றிருந்தார் என்று பார்த்தாலே போதும்.

வழிபாட்டிடமாவது இவ்வேற்றுமையிலிருந்து தப்பியதா எனின், இல்லை என்றே வரலாறு விடையிறுக்கிறது. இங்கிலாந்தின் தேவாலயங்களில் 19-ஆம் நூற்றாண்டிலும் முன்வரிசை இருக்கைகள் வாடகைக்கு விடப்பட்டன. பணம் உள்ளோர் முன்னே அமர, ஏழையர் பின்னே ஒதுங்கினர். தமிழகத்தில் பணத்தின் இடத்தைச் சாதி பிடித்துக்கொண்டது. கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சாதி வேற்றுமையைச் சபைகளிலிருந்து விலக்குமாறு ஆணையிட்டபோது, தென்னகச் சபைகளில் பெரும் கலக்கம் உண்டாயிற்று. பலர் வழிபாட்டையே துறந்து வெளியேறினர். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த திருக்குடும்ப ஆலயம், கால்சட்டையின் இரு கால்களைப்போல் இரு பிரிவுகளாகவே கட்டப்பட்டது. பீடம் ஒன்று, அதனை நோக்கி அமரும் மக்கள் இருவேறு பக்கம், இடையே சுவர். அச்சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. ஒரே இறைவனை வணங்க வந்தோர் ஒருவர் முகம் ஒருவர் காணாதபடி அமர்வதற்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் செலவிடப்பட்டன. அங்கே கட்டடக் கலைஞனின் திறமையில் குறையில்லை. கேட்டதைச் செய்து கொடுத்தான். அவனிடம் கேட்கப்பட்டதுதான் தவறு. ஆகவே, 'சொன்னதைச் செய்தேன்' என்பது செய்வோனுக்கு முழு விடுதலை தரும் விடையன்று என்பது இதனால் விளங்கும்.

இதற்கு மறுதலையான ஒரு காட்சியைப் புறநானூறு காட்டுகிறது. களைத்து வந்த புலவர் மோசிகீரனார், அறியாமல் முரசு கட்டிலில் படுத்து உறங்கிவிட்டார். முரசு நீராடச் சென்றிருந்த நேரம் அது. அக்கட்டில் புனிதமானது, அதில் ஏறினோர் வாளுக்கு இரையாவர் என்பது அக்கால வழக்கம். சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை அவரைக் கண்டான். வாளை எடுக்கவில்லை, கவரியை எடுத்து வீசினான். தமிழாசிரியர்கள் இந்நிகழ்ச்சியைப் புலவர்க்கு அரசன் செய்த சிறப்பாகவே பெரும்பாலும் கற்பிப்பர். அதனுள் மற்றொரு பாடமும் உண்டு. பொருளின் புனிதமும் மனிதனின் களைப்பும் ஒன்றையொன்று எதிர்நிற்கும்போது எது முந்தியது என்ற வினாவிற்கு அம்மன்னன் தன் கையால் விடை எழுதினான். கட்டில் முரசுக்காக ஆனது என்பது மரபு. களைத்தவனுக்கும் ஆகும் என்பது அறம்.

இனிப் பேராக்கிற்குத் திரும்பலாம். 1877-இல் கோலக்கங்சாரில் ஒன்பது இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அம்மாநிலத்தின் முகத்தை அவை மாற்றியமைத்தன. காடுகள் தோட்டங்களாயின, தமிழர் குடிகள் இலயங்களாயின. இலயம் இருந்த இடமெல்லாம் கோயிலும் எழுந்தது. சில இடங்களில் சிறு தேவாலயமும் எழுந்தது. மலாயா விடுதலை பெற்றதை அடுத்த ஆண்டுகளில் தோட்டத் துண்டாடல் பரவியபோது இவ்வாழ்வு குலைந்தது. பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட, தலைமுறைகளாய் வாழ்ந்தோர் வேலையும் வீடும் ஒருங்கே இழந்தனர். அதனைத் தடுக்கும் முயற்சியாகவே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தனின் முன்னெடுப்பில் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அது காத்த தோட்டங்கள் உண்டு; காக்க இயலாதவை அதனினும் பல. இடம் இழந்தோர் ஈப்போவையும் பிற நகர்களையும் நோக்கி வந்தனர். வந்த இடத்தில் முதலில் தேடியது வேலையை. அடுத்துத் தேடியது கூடி அமர ஓர் இடத்தை.

அத்தகையோர் கூடும் மண்டபம் செல்வம் மிக்கதாய் இருத்தல் அரிது. நிலையான நீண்ட பலகை இருக்கைகளை வரிசையாய்ப் பதித்துவிட்டால் மண்டபம் வழிபாட்டிற்கு மட்டுமே ஆகும். மடக்கு நாற்காலியோ, ஒரு மூலையில் ஒதுங்கிப் பிள்ளைகளுக்கு இடம் விடும். விருந்துக்கு இடம் விடும். இறந்தவரைக் கிடத்தி அழுவதற்கும் இடம் விடும். தன் பணி முடிந்ததும் மடங்கி இடம் கொடுப்பது ஒரு சிறந்த பண்பு. பதவியில் அமர்ந்த மனிதரிடம் அரிதாய்க் காணப்படும் அப்பண்பை ஒரு நாற்காலியில் எளிதாய்க் காணலாம்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இலிஞ்சுபர்க் நகரைச் சேர்ந்த நத்தானியேல் அலெக்சாண்டர் என்னும் கறுப்பினத்தவர், 1911-இல் ஒரு மடக்கு நாற்காலிக்குக் காப்புரிமை பெற்றார். தேவாலயம், பள்ளி முதலிய கூடங்களுக்கென அமைந்த அந்நாற்காலியின் பின்புறத்தில், அடுத்த வரிசையில் இருப்பவர் நூலை வைத்துப் படிப்பதற்கு ஒரு தாங்கி இருந்தது. நிறத்தைப் பார்த்து இருக்கையைப் பிரித்து வைத்த ஒரு சமுதாயத்தில் வாழ்ந்தவர், தன் பின்னால் இருப்பவர் யாராயினும் அவருக்கும் உதவும் இருக்கையை எண்ணிப் பார்த்தார். டென்மார்க்கின் கோரே கிளிண்ட் 1936-இல் கோபன்ஹேகன் நகரின் பெத்லகேம் ஆலயத்திற்கென வடிவமைத்த நாற்காலியும் இவ்வகையில் எண்ணத்தக்கது. அது மடங்குவதன்று, ஆயினும் தனித்தனி நாற்காலிகளாலேயே ஓர் ஆலயத்தை நிரப்பலாம், அதனால் அமைதியும் ஒழுங்கும் கெடுவதில்லை என்று அது காட்டியது.

இவற்றைக் கற்ற தச்சர் தம் பணியைத் தொடங்கும்போது, ஒவ்வொரு அளவும் ஒரு மனிதரைப் பற்றிய வினாவாக அவர்முன் நிற்கும். இருக்கையின் உயரம் ஏறத்தாழ 45 செண்டிமீட்டர் என்பது பொது வழக்கு. அதனினும் தாழ்ந்தால் முழங்கால் தேய்ந்த மூதாட்டி எழ முடியாது. உயர்ந்தால் குட்டையானவரின் கால்கள் தொங்கும். பல்லாண்டு குனிந்து மரம் வெட்டி, காண்டா வாளி சுமந்தவர் முன்னாற்காலியின் முதுகைப் பற்றியே எழுவார். அந்நேரம் அந்நாற்காலி பின்புறம் சாய்ந்துவிடலாகாது. ஆகவே பின்கால்கள் போதிய அளவு விரிந்து நிற்க வேண்டும். ஒரு வரிசையின் நாற்காலிகள் கொக்கியால் ஒன்றோடொன்று பிணைந்திருக்க வேண்டும். குறுக்குக் கால்கள் சந்திக்கும் இடத்தில் குழந்தையின் விரல் நசுங்காதபடி இடைவெளி விட வேண்டும். சிமெண்டுத் தரையில் உரசி ஒலி எழுப்பாதபடி கால்களின் அடியில் இரப்பர்க் குமிழ் பொருத்த வேண்டும். ஒருவர் மனம் உருகி வேண்டும் வேளையில் மற்றவர் நாற்காலி கிறீச்சிடுவது சிறு குற்றமாகாது. எடை மிகுந்திருக்கவும் கூடாது. எல்லாரும் சென்றபின் நூறு நாற்காலிகளையும் மடக்கி அடுக்குபவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் எந்த அழைப்பிதழிலும் அச்சாவதில்லை. நாற்காலியின் எடையைக் குறைக்க முயலும் தச்சர் ஒருவரே அவரை நினைத்துப் பார்த்தவராகிறார்.

இங்கே இரண்டு தடைகளை எழுப்பலாம். முதலாவது, எல்லா நாற்காலியும் ஒன்றுபோல் இருப்பின் அதுவே சமன் அன்றோ, இத்தனை கவலை எதற்கு என்பது. வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் தனி அதிகாரம் வகுத்தார். நடுவு நிற்றல் வேறு. அனைவரையும் ஓரளவாய்க் கருதுதல் வேறு. இளைஞனுக்கும் முதியவருக்கும் ஒரே நாற்காலியைத் தருவது தோற்றத்தில் சமன். பயனில் சமன் அன்று. நூறு நாற்காலிகளில் பத்துக்குக் கைப்பிடி வைப்பதும், சக்கர நாற்காலியில் வருபவருக்கு வரிசையின் நடுவே இடம் விடுவதும் சலுகைகள் ஆகா. அவையே சமனின் நிறைவு.

இரண்டாம் தடை இதனினும் வலியது. மடங்குவது நிலையற்றது, நிலையற்ற இருக்கை, 'நீ இங்கே தற்காலிகமானவன்' என்று சொல்லாமற் சொல்லுமே என்பது. தோட்டத்திலிருந்து ஒரு நாளில் வெளியேற்றப்பட்டோரின் பிள்ளைகளுக்கு இவ்வினா வெறும் வாதமாக இராது. தாத்தா அமர்ந்த பலகையில் பேரனும் அமர்வது ஒரு பேறு. மடக்கு நாற்காலியால் அதனைத் தர இயலாது. இவ்விழப்பை மறைப்பது நேர்மையாகாது. ஆயினும், வடக்கன்குளத்துச் சுவரும் நிலையானதாகவே கட்டப்பட்டது என்பதையும் மறத்தல் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒரு நிலையான இடம் என்பது, காலப்போக்கில் ஒவ்வொருவரும் அவரவர் இடத்திலேயே இருக்க வேண்டும் என்றாகிவிடுவதுண்டு. உரிமை பலகையில் ஊன்றியிருப்பின் பலகையோடு போய்விடும். வருபவருக்கு இன்னொரு நாற்காலி விரிக்கும் கையில் ஊன்றியிருப்பின் அது நிலைக்கும்.

எஞ்சியிருப்பது மரத்தைப் பற்றிய வினா. இரப்பர் மரம் ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் பால் தந்தபின் வெட்டப்படும். நெடுங்காலம் அது விறகாயிற்று. 1960-களின் இறுதியில் பிறை நகரின் மலாயாவாத்தா உருக்காலைக்குக் கரியாயிற்று. பூஞ்சணமும் துளைப்புழுவும் விரைவில் பற்றுவதால் அது தச்சு வேலைக்கு ஆகாத மரம் என்று ஒதுக்கப்பட்டது. அறுத்த சில நாள்களுக்குள் போரான் மருந்தை அழுத்தத்தில் ஏற்றிச் சூளையில் உலர்த்தினால் அம்மரம் நெடுநாள் உழைக்கும் என்று அறிந்தபின் நிலை மாறியது. 1980-களிலிருந்து மலேசியாவின் மரச்சாமான் ஏற்றுமதியில் அது முதலிடம் பெற்றது. விறகென்று எரிக்கப்பட்ட மரம் உலக நாடுகளின் வீடுகளில் நாற்காலியாய் அமர்ந்தது.

மரத்திற்கு இவ்வாறு இரண்டாம் பிறவி கிடைத்தது. அதற்கென ஆய்வு நடந்தது, பணம் செலவிடப்பட்டது, 'பயனற்றது' என்ற தீர்ப்பு மாற்றி எழுதப்பட்டது. அதே மரத்தில் அத்தனை ஆண்டுகள் பால் எடுத்த மனிதருக்கு அத்தகைய ஆய்வு நடந்ததா? வயது முதிர்ந்து தோட்டமும் கைமாறியபின், 'இவரால் இன்னும் என்ன ஆகும், இவருக்கு நாம் என்ன செய்ய வேண்டும்' என்று கேட்டவர் எத்தனை பேர்? இவ்வினாவிற்கு ஒரு தச்சரால் முழு விடை தர இயலாது. அவரால் இயன்றது ஒன்று உண்டு. இரப்பர் மரத்தால் ஒரு நல்ல நாற்காலி செய்து, அம்மரத்தின் முன் வாழ்நாளெல்லாம் நின்றவரை அதில் அமரச் செய்யலாம்.

பயன்படு பொருளில் அறம் உண்டா என்பதே தொடக்கத்தில் எழுந்த வினா. பொருளுக்குத் தனியே அறம் இல்லை. அதனைச் செய்யும்போது யாருடைய முழங்கால், யாருடைய விரல், யாருடைய தோள் மனத்தில் இருந்தது என்பதில்தான் அறம் இருக்கிறது. ஆசிரியர்க்கு மாணவர் இருக்கையும், அலுவலர்க்கு மனுதாரர் இருக்கையும், வீட்டார்க்கு விருந்தினர் இருக்கையும் இதே வினாவை நாள்தோறும் எழுப்பிக்கொண்டிருக்கின்றன. நின்றுகொண்டிருப்பவரைக் கண்டு 'இருங்கள்' என்று சொல்வது எளிது. அச்சொல் பொய்யாகாதபடி அவருக்கு ஏற்ற ஓர் இருக்கையை முன்னரே செய்து வைத்திருப்பது கடமை.