நாசரேத்துப் பட்டறையும் நம் பிள்ளைகளும்



மே மாதம் முதல் தேதி தொழிலாளரான அர்ச். சூசையப்பர் திருநாள். பாப்பரசர் 12-ம் பத்திநாதர் 1955-ல் இதை ஏற்படுத்தினார். சேசுநாதரை அவர் ஊரார் தச்சன் என்றே சொன்னதாக அர்ச். மாற்கு எழுதியிருக்கிறார். ஒரே வாரத்தில் ஒருவன் தச்சனாகிவிடுவதில்லை. உளி கையில் படியுமட்டும் அந்த ஏழைத் தகப்பனார் காத்திருந்தார் என்பது விளங்குகிறதல்லவா?

இதைப் பிரசங்கிக்குமுன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு தாய் என்னிடம் வந்தாள். ஷூவின் மேல்பாகத்தை வீட்டிலிருந்தே கையால் தைப்பவள். ஜோடிக்கு இவ்வளவு என்று சொற்பக் கூலி. கண்ணும் முதுகும் கெட்டதுதான் மிச்சம். அவள் மகள் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. “சாமி, வாடகை பாக்கி. பெண்ணை நிறுத்தி என்னோடு தைக்க வைக்கட்டுமா?” என்றாள். “உன் இஷ்டம் அம்மா” என்றேன். யோசியாமல் சொன்ன சொல்! இன்று அந்தப் பெண்ணும் தாயின் பக்கத்தில் ஊசியோடு உட்கார்ந்திருக்கிறாள்.

ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் இப்படி எத்தனை வீடுகள்! நகரத்து ஏழைகளுக்கென்றே மத்திய சர்க்கார் 2013-ல் தொடங்கிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் இலவசமாகத் தொழில் கற்பித்தது. 2024 செப்டம்பரோடு அது முடிந்தது. காலணித் தொழிலுக்கென்று சென்னை கிண்டியில் 1957-ல் ஏற்பட்ட மத்திய காலணிப் பயிற்சி நிலையம் உண்டு. நமக்குக் கிட்டத்தில் இருப்பவை அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள். அங்கே பயிற்சி இலவசம், பஸ் பாஸ் இலவசம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. எட்டாம் வகுப்பு தேறினவர்களுக்கும் சில பிரிவுகள் உண்டு. பெண்களுக்கு வயது உச்சவரம்பு வைக்கவில்லை. தாய்மாரே, இது உங்களுக்கும்தான்! பிட்டர், எலக்ட்ரீஷியன் பிரிவுகள் இரண்டு வருடம். தையல் மெஷின் ஓட்டுகிறவர் பலர். அது நின்றுபோனால் ஓடவைக்கத் தெரிந்தவர் சிலரே. கூலி யார் பக்கம் ஏறும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைத் தர்மம் என்று கூசாதீர்கள். கடையில் சோப்பு வாங்கும் கூலிக்காரனும் வரி கட்டுகிறான். அந்தப் பணம்தான் இது. ஆகையால், பெயரைப் பதிந்துவிட்டு வகுப்புக்குப் போகாதிருப்பதும், படியாமல் சர்டிபிகேட் வாங்குவதும் ஏழாம் கற்பனைக்கு விரோதம். வந்தவர் போகாதவர் எல்லாருக்கும் ஆஜர் போடுகிற வாத்தியாருக்கும் இதே கணக்குத்தான்.

750 ரூபாயில் வாடகை தீராது என்பதை அறிவேன். அந்தத் தாய் சோம்பேறியுமல்ல, பேராசைக்காரியுமல்ல. மகள் படிக்கும் காலத்தில் அந்த வீட்டு அடுப்பு எரிய வேண்டும். இதை அன்று நான் நினைக்கவில்லை. ஆகவே, பிள்ளை பயிற்சியிலிருக்கும் ஏழை வீடுகளுக்கு, பயிற்சி முடியுமட்டும் மாதந்தோறும் அரிசி கொடுக்கும்படி வின்சென்ட் தே பவுல் சபையாரைக் கேட்டிருக்கிறேன். சூசையப்பர் திருநாள் காணிக்கை முழுவதும் இதற்கே. ஷாப்புகளில் மேஸ்திரியாயிருக்கிறவர்களே, பயிற்சி முடித்து வரும் பிள்ளைக்கு உங்கள் முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணின் வீட்டுக்குச் சென்ற வாரம் போய்வந்தேன். மறுபடி சேர அவளுக்கு மனமிருக்கிறது. மனு எழுதத் தெரியாத மற்றவர்களும் இரண்டாம் பூசை முடிந்ததும் மாற்றுச் சான்றிதழோடு அறைவீட்டுக்கு வாருங்கள்.