ஒத்தாசை கேட்பது இழிவா?

“யாரிடமும் கைநீட்டாதவன் நான்” என்று மார்தட்டும் வாலிபர்கள் நம் சமூகத்தில் பலர் உளர். நல்ல குணந்தான். பொருளைப் பெருக்கிக்கொள்வதற்காகப் பிறரிடம் கேட்பதை நாயகம் (ஸல்) அவர்களும் கண்டித்திருக்கிறார்கள். ஆனால் பிறந்த பிள்ளையை வளர்க்கும் காரியத்திலும் அந்த வீம்பு வேண்டுமா?

புருஷனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீடு. கைக்குழந்தை இரவெல்லாம் அழுகிறது. யாரிடமும் எதுவும் கேட்பதில்லை என்கிறார் குடும்பத்தலைவர். உண்மையில் அவர் கேளாமலே எடுத்துக்கொள்கிறார்: மனைவியின் தூக்கத்தை, வயோதிகத் தாயாரின் முழங்கால் வலுவை. நோட்டில் எழுதாத கடனும் கடன்தான் என்பதைக் கடை வைத்திருக்கும் நாம் அறிவோம்.

தேக்காவை அடுத்திருந்த கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியில் 1966-ஆம் ஆண்டு மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. கடைவீடுகளிலும் கம்பங்களிலும் அக்காலத்துத் தாய்மார் பலர் பிள்ளையை அடுத்த வீட்டுக்காரியின் இடுப்பில் வைத்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போனார்கள். கேட்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. இன்று அடுக்குமாடி வீட்டில் கதவு சாத்தியிருக்கிறது, தட்டித்தான் கேட்கவேண்டும்.

நிற்க, மார்க்கம் என்ன சொல்கிறது? திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 233-ஆம் வசனத்தைப் பாருங்கள். பால்குடி மறக்கடிப்பதைக்கூடப் பெற்றோர் இருவரும் கலந்து பேசிச் சம்மதித்துச் செய்யலாம் என்கிறது. வேறொருத்தியைக் கொண்டு பாலூட்டுவதிலும் குற்றமில்லை என்கிறது. ஆனால் கொடுக்கவேண்டியதை முறையாகக் கொடுத்துவிட வேண்டும். நம் நாயகமும் ஹலீமா அம்மையாரிடம் பாலருந்தி வளர்ந்தவர்களே. ஆக, உதவி பெறுவது பழியன்று. பேசாமல், கொடாமல் பெறுவதே பழி.

சிங்கப்பூரில் தகப்பன்மாருக்கு 2013-இல் ஒரு வாரமும், 2017-இல் இரண்டு வாரமும் சம்பளத்துடன் விடுப்புக் கிடைத்தது. 2025 ஏப்ரல் முதல் தேதிக்குப்பின் பிறந்த பிள்ளைகளுக்கு, தகுதியுடைய தகப்பன்மாருக்கு அது நான்கு வாரம். சட்டம் தந்ததைக் கேட்கவும் கூசுவோர் உண்டு. கேட்க வரும் பையனிடம் முகஞ்சுளிக்கும் முதலாளிமாரும் உண்டு. கடைக்காரர்களாகிய நாமே முதலில் திருந்தவேண்டும்.

பாட்டியார் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டால், வேலை பார்க்கும் தாய்க்கு 3,000 வெள்ளி வருமானவரிக் கழிவு கோர வழியுண்டு. கழிவு மகளின் கணக்கில் வருகிறது. பாட்டியாரின் கைக்கு என்ன வருகிறது? “உம்மா, வாரத்தில் எத்தனை நாள் உங்களால் முடியும்?” என்று அவரிடம் யாராவது கேட்டார்களா?