ஓய்வு ஆண்டும் அமானிதமும்

மேல்நாட்டுப் பல்கலைக் கழகங்களில் ஆறாண்டுகள் பாடம் நடத்திய பேராசிரியருக்கு ஏழாம் ஆண்டில் சம்பளத்துடன் விடுப்பளிக்கும் வழக்கமுண்டு. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக் கழகம் 1880-இல் இதைத் தொடங்கியது. ஏழாம் ஆண்டில் நிலத்தை உழாது தரிசாக விடவேண்டும் என்று யூதர்களுக்கிருந்த பழைய கட்டளையே இதன் பெயருக்கு மூலம். ஆனால் இன்று அவ்விடுப்பைக் கேட்பவர், "இன்ன நூலை எழுதுவேன், இன்ன ஆராய்ச்சி செய்வேன்" என்று எழுதிக் கொடுத்தே பெறுகிறார். நிலத்துக்குக் கிடைத்த ஓய்வு மனிதனுக்கில்லை போலும்!

உழைத்து உழைத்து மனம் வறண்டு, புத்தகத்தைக் கண்டாலே கசக்கும் நிலையிலுள்ள ஒருவர், அந்த ஆண்டை உறங்கியும் உலவியும் பிள்ளைகளோடிருந்தும் கழித்தால், அது அமானித மோசடியாகுமா?

ஓய்வு குற்றமன்று என்பதில் நமக்கு ஐயமில்லை. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாயிருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களைத் தடுத்து, உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் உள்ள உரிமைகளை நாயகம் (ஸல்) அவர்கள் நினைவூட்டினார்கள். வணக்கத்துக்கே வரம்பென்றால் பாடம் நடத்துவதற்குச் சொல்லவா வேண்டும்?

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பக்தாது நிஜாமிய்யாவின் பேராசிரியராயிருந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 488-இல் (1095) ஆறு மாத காலம் போவதா இருப்பதா என்று தத்தளித்தார்கள். மாணவர்களுக்காக ஒரு நாளாவது பாடம் சொல்ல முயன்றும் நா எழவில்லை, உணவும் இறங்கவில்லை. நோய் உள்ளத்தில் தொடங்கியது என்று கூறி வைத்தியர்கள் கைவிட்டனர். பதவியைத் துறந்து டமாஸ்கஸ் சென்றவர்கள், அங்குள்ள பெரிய பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவடைத்துக்கொண்டு பகலெல்லாம் தனித்திருந்தார்கள். மறுபடி நைசாப்பூரில் பாடம் சொல்ல அமர்ந்தது ஹிஜ்ரி 499-இல்தான். அன்னார் நாடியது வெறும் ஓய்வன்று, ஆன்ம ஈடேற்றம் என்பதை நாமறிவோம். எனினும் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. உள்ளத்தில் ஷாம் தேசத்தை வைத்துக்கொண்டு, கலீஃபா அறிந்துவிடுவாரே என்று, மக்கா செல்வதாகவே வெளியில் சொன்னதை இமாமவர்களே எழுதியிருக்கிறார்கள். அத்தகைய மேதைக்கே உள்ளதைச் சொல்வது அவ்வளவு கடினமாயிருந்தது!

ஆனால் அவர்கள் சம்பளத்தை விட்டுச் சென்றார்கள்; குடும்பத்துக்கு வேண்டியது போக மற்றப் பொருளையும் பகிர்ந்தளித்தார்கள். நம் பேராசிரியரோ எழுதாத நூலின் பெயரால் சம்பளம் வாங்குகிறார். அவர் உறங்கியதில் தவறில்லை. விண்ணப்பத்தில் எழுதியதுதான் தவறு. 'களைத்துவிட்டேன்' என்ற சொல்லை ஏற்காத நிர்வாகமும் அப்பொய்யில் பங்காளிதான் என்போம்.

"முதல் நான்கு மாதம் ஓய்வு, பிறகு எழுத்து" என்று ஒரு வரி எழுதினால் மறுப்பார்களோ? மறுக்கவும் கூடும். அப்போது மருத்துவ விடுப்போ, சம்பளமில்லா விடுப்போதான் கேட்க வேண்டிவரும். வீட்டுச் செலவைச் சுருக்க மனைவி மக்களும் அதற்கு இசைய வேண்டும்.