போட்ட பணம் போன பிறகு



கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டுமென்று நமதாண்டவர் போதித்ததை அர்ச். லூக்காஸ் தமது சுவிசேஷத்தின் 14-ம் அதிகாரத்தில் எழுதி வைத்திருக்கிறார். பாதியில் நின்ற கோபுரமாவது ஊர்க் கண்ணுக்குத் தெரியும். நம்மில் சிலர் வீட்டில் நின்றுபோன கோபுரமோ, பீரோவுக்குள் துணிகளுக்கு அடியில் ஒரு காகிதக் கட்டாகக் கிடக்கிறது. அந்தக் கட்டைப்பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேச வேண்டும்.

பெருந்துறைப் பக்கத்து ஈமுக் கோழி விவகாரம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் 6 குஞ்சுகள். வளர்ப்புக்கூலி மாதம் 6,000. வருஷ போனஸ் 20,000. கூட்டிப் பாருங்கள்: ஒரே வருஷத்தில் 92,000 ரூபாய்! இரண்டாம் வருஷம் முடியுமுன் போட்ட முதலே திரும்பி வந்துவிடும் என்கிறது கணக்கு. எந்தப் பறவை இவ்வளவு சம்பாதித்துக் கொடுக்கும்? அதன் கறியை விரும்பி வாங்க இங்கே ஆளில்லை. எண்ணெய்க்கும் சொல்லும்படியான சந்தையில்லை. பிந்தி வந்தவன் கட்டிய பணமே முந்தி வந்தவனுக்கு மாதப்படியாகப் போய்க்கொண்டிருந்தது. புது ஆள் வருவது குறைந்தவுடன், 2012-ம் ஆண்டில் எல்லாம் சரிந்தது. பட்டினி கிடந்த பறவைகளுக்குத் தீனி போடும் பொறுப்பு கடைசியில் அரசாங்கத்தின் தலையில் விழுந்தது.

நமது ஜனங்கள்தான் ஏமாளிகள் என்று எண்ண வேண்டாம். 1920-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் போன்ஸி என்பவன், தபால் கூப்பன் வியாபாரமென்று சொல்லி, 45 நாளில் 50 சதவிகித லாபம் தருவதாக வாக்களித்தான். கூட்டம் அலைமோதிற்று. அவனும் இதே சூத்திரத்தைத்தான் கையாண்டான்.

இதையெல்லாம் மேடையில் நின்று சொல்வதற்கு எனக்கு யோக்கியதை உண்டா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வேறொரு பங்கில் நான் இருந்த காலத்தில், புதிதாக ஆரம்பித்த ஒரு நிதி ஸ்தாபனத்தின் அலுவலகத்தை மந்திரிக்கக் கூப்பிட்டார்கள். போனேன். தீர்த்தம் தெளித்தேன். பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படத்தைச் சுவரில் பார்த்து, "சாமியே வந்து மந்திரித்த இடம்" என்று நம்பி, மகள் கலியாணத்துக்கு வைத்திருந்ததை ஒரு விதவைத் தாய் அங்கே கட்டினாள். ஒரு வருஷத்துக்குள் கதவடைத்தார்கள். அவள் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பூசைக்கு வருவதை மட்டும் நிறுத்திவிட்டாள். பணம் எங்கிருந்து வருகிறதென்று நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்பது மரியாதையல்ல என்று இருந்துவிட்டேன்.

ஆகையால் ஆள் சேர்த்துவிட்டுக் கமிஷன் வாங்கினவர்களுக்கு முதலில் சொல்கிறேன், என்னையும் சேர்த்துக்கொண்டே. "நானும்தானே இழந்தேன்" என்பது மெய்தான். ஆனாலும் மைத்துனனையும் பக்கத்து வீட்டுக்காரனையும் கூட்டிக்கொண்டு போனதற்காக வாங்கின கமிஷன் உங்கள் பணமல்ல. சக்கேயு நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாகச் சொன்னான். உங்களை நாலு மடங்கு கேட்கவில்லை. வாங்கினதை, மாதம் ஐந்நூறாகவாவது, கொடுத்துத் தீருங்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அழுதுவிட்டுப் போவதோடு அந்தக் கடன் தீராது.

அடுத்தது, வீட்டுக்காரியிடம் சொல்லாமல் மறைத்திருக்கிறவர்கள். நகை அடகில் இருப்பது அவளுக்குத் தெரியாதென்று நினைக்கிறீர்கள். பெரும்பாலும் தெரியும். நீங்களாகச் சொல்லும் நாளுக்காகக் காத்திருக்கிறாள். சொல்லாதிருப்பதால் வேறொரு கேடும் வருகிறது: இழந்ததை ஒரே அடியில் எடுத்துவிடலாமென்று இரகசியமாகக் கடன் வாங்கி, இன்னொரு திட்டத்தில் போடத் தோன்றும். இரண்டாம் பள்ளம் எப்போதும் முதல் பள்ளத்தைவிட ஆழம். பெண்களே, அவர் சொல்லும் அன்றைக்கு, "அப்போதே சொன்னேனே" என்ற வார்த்தையை மட்டும் விழுங்கிவிடுங்கள். கடினந்தான்.

உறவுக்காரர் தொழிலுக்குப் பங்காளியாகக் கையெழுத்துக் கேட்டால்? 1932-ம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டப்படி, கூட்டுத் தொழிலின் கடன் முழுவதற்கும் ஒவ்வொரு பங்காளியும் பொறுப்பாளி. நீங்கள் போட்டது ஐம்பதாயிரமாயிருந்தாலும், கடன்காரன் உங்கள் வீட்டு வாசலுக்கே வரலாம். பிணை நிற்பதைப்பற்றி சீராக் ஆகமம் 29-ம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். அயலானுக்கு உதவச் சொல்லுகிறது; அதே மூச்சில், நீ விழுந்துவிடாதே என்றும் எச்சரிக்கிறது. போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய தொகையைத் தானமாகக் கொடுத்துவிடுவது சில சமயம் மலிவு.

இழந்தவர்கள் இன்னும் புகார் கொடுக்காமலிருந்தால், வைப்பீட்டாளர்களைக் காக்க 1997-ல் தமிழ்நாட்டில் இயற்றிய சட்டம் இருக்கிறது. பொருளாதாரக் குற்றப் பிரிவுப் போலீசாரிடம் மனுக் கொடுக்கலாம். வெட்கத்தினால் ரசீதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு பங்கு வீட்டுத் திண்ணையில் இருப்பேன். காகிதக் கட்டோடு வாருங்கள். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித் தருகிறேன். தம்பதிகளாக வந்தால் நல்லது.

உங்கள் பங்குச் சுவாமியார்